வேலையும் வீடும் – 9: லீவு எடுத்தால் எங்கே போவது?

அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டுக்கு 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் உண்டு. குடும்பத்தோடு ரயிலில் போய்வர ஆண்டுக்கு மூன்று வாரண்டும் கிடைக்கும். கடைகளிலும் தனியார் காரியாலயங்களிலும் வேலை செய்வோருக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு. இவற்றோடு மாதா மாதம் வரும் போயா நாளையும் கூட்டிப் பார்த்தால் இலங்கையில் வேலை செய்யும் தாய் தகப்பனுக்கு ஓய்வுக்குக் குறைவில்லை என்றுதான் தோன்றும்.

ஆனால் கச்சேரியில் வேலை செய்யும் ஒரு தாயின் லீவு ஆண்டு முடிவதற்குள் எப்படிக் கரைந்துபோகும் என்பது யாழ்ப்பாணத்தில் எவருக்கும் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல், மாமியாருக்கு ஆஸ்பத்திரியில் கிளினிக், சித்தப்பாவின் செத்த வீடு, பிறகு எட்டுச் செலவு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி, ஊர்க்கோயில் தேர், பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். லீவுப் படிவத்தில் காரணம் எழுத வேண்டிய இடத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வரிதான்: சொந்த அலுவல். அந்த அலுவல்களில் எத்தனை அவளுக்குச் சொந்தமானவை என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவாள்.

மிஞ்சுவது ஓகஸ்ட். பள்ளிக்கூட விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் பெரும்பாலும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் மாதம். ரொறொன்ரோவிலும் லண்டனிலும் அப்போது கோடை விடுமுறை. "அக்கா, இந்தமுறை நாங்கள் குடும்பமா வாறம்" என்று தம்பி போன் எடுத்த நாளிலிருந்து அவளுடைய ஓய்வு லீவு தம்பி குடும்பத்தின் பெயருக்கு எழுதப்பட்டுவிடும். வான் பிடிக்க வேண்டும், மினரல் வோட்டர் போத்தல் அடுக்க வேண்டும், உறைப்பில்லாத கறி ஒன்று தனியாக வைக்க வேண்டும். நயினாதீவுக்குப் போக வேண்டும் என்பார்கள். குறிகட்டுவானில் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும். மருமக்கள் நெடுந்தீவுக் குதிரைகளைப் பார்க்க வேண்டும் என்பார்கள். கடல் கொந்தளித்தால் வாந்தி எடுப்பவரைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் யார் என்று சொல்லத் தேவையில்லை. வந்தவர்கள் போனபின் இரண்டு நாள் லீவு மிச்சமிருந்தால் அதைத் துணி துவைப்பதிலேயே கழிப்பாள்.

தம்பியைக் குறை சொல்லி இதை விளக்கிவிட முடியாது. யாழ்ப்பாணத்தில் லீவு என்றாலே ஊருக்கு வருவதுதான். அது நெடுங்கால வழக்கம்.

குடாநாட்டில் வேலை செய்யும் பெற்றோர் என்று ஒரு காலத்தில் பெரும்பாலும் தகப்பனைத்தான் சொல்ல முடிந்தது. அவரும் குடாநாட்டில் இருக்கவில்லை. கொழும்பில் கிளாக்கர், அனுராதபுரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர், மலைநாட்டில் ஆசிரியர். மாதா மாதம் மணியோடர் வரும். விடுமுறைக்கு ஆள் வருவார். 1956 ஏப்ரலில் ஓடத் தொடங்கிய யாழ்தேவி இந்தத் தகப்பன்மாரின் வண்டி. வாரண்டில் ஏறிக் காலையில் புறப்பட்டால் பின்னேரம் ஊரில் இறங்கலாம். அவருக்கு லீவென்றால் வீட்டுச் சாப்பாடு, கிணற்று முழுக்கு, வேலி அடைப்பு. பெண்சாதி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வேறோர் ஊருக்குப் போய் அறை எடுத்துத் தங்குவது அந்தக் கணக்கில் இல்லை. கதிர்காமம் போவார்கள், அது நேர்த்திக்கடன். திருக்கோணமலை போவார்கள், அங்கே சொந்தக்காரர் வீடு இருக்கும்.

அந்த வண்டியும் போரால் 1990 ஜூனில் நின்றது. இன்றைக்கு நாற்பது வயதை ஒட்டி நிற்கும் பெற்றோருக்கு அதற்குப் பிந்திய காலந்தான் பிள்ளைப் பருவம். மின்சாரம் இல்லாத வீடு. மண்ணெண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் தடை. வெளியே போக வேண்டுமானால் புலிகளிடம் பாஸ் எடுத்து, கிளாலிக் கடல்நீரேரியை இரவில் வள்ளத்தில் கடக்க வேண்டும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி மழைக்குள் வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்கு நடந்தது. அந்தப் பிள்ளைகள் குடும்பத்தோடு போன மிகப் பெரிய பயணம் அதுதான். 2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறந்தது. 2006 ஓகஸ்டில் மறுபடி பூட்டினார்கள். போர் முடிந்து வீதி வழமைக்குத் திரும்பியபோது அந்தப் பிள்ளைகள் வேலைக்குப் போகும் வயதுக்கு வந்துவிட்டார்கள். ரயில் யாழ்ப்பாண நிலையத்துக்குத் திரும்பி வந்தது 2014 ஒக்டோபர் 13இல்.

ஆகவே இன்றைய தாய் தகப்பன் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்ப்பது தங்களுக்கு ஒருபோதும் கிடைக்காத ஒன்று. எத்தனை நாள் போவது, எவ்வளவு செலவழிப்பது, பிள்ளை அலுத்துப்போய் அழுதால் என்ன செய்வது என்பதற்கு வீட்டில் முன்மாதிரி கிடையாது. அதனால்தான் யாழ்ப்பாணக் குடும்பங்களின் முதல் நுவரெலியாப் பயணம் அநேகமாக ஒரு படையெடுப்பாக அமைகிறது. நான்கு நாளில் கண்டி, நுவரெலியா, கதிர்காமம், திரும்பும் வழியில் திருக்கோணமலை. கன்னியா வெந்நீரூற்றில் குளித்து ஈரத்தலையோடு வானில் ஏறி, நிலாவெளியில் கால் நனைத்து, கோணேசர் கோயில் நடை சாத்துமுன் ஓட வேண்டும். காசு கொடுத்து வான் பிடித்தாயிற்று, பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்துவிட வேண்டும். பிள்ளைகள் பாதி இடங்களை நித்திரையில் கடக்கிறார்கள்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு தாய்க்கு நித்திரை இல்லை. முதல் நேரத்துக்குக் கட்டுச்சோறு, இரண்டாம் நேரத்துக்குப் புட்டும் சம்பலும், வழியில் கொறிக்கப் பயற்றம் பணியாரம். வழியில் கடைகள் இல்லையா என்று கேட்டால், ஆறு பேர் கடையில் சாப்பிட்டால் என்ன வரும் என்று அவள் மனக்கணக்காகச் சொல்லிவிடுவாள். சரியாகத்தான் சொல்வாள்.

வாரண்ட் இருக்கிறதே என்றால், ரயில் இருக்க வேண்டும். வடக்குப் பாதைத் திருத்த வேலைக்காக 2023இலும் 2024இலும் மாதக்கணக்கில் கொழும்பு ரயில் யாழ்ப்பாணம் வரவில்லை. அதற்கு முந்திய ஆண்டு இன்னும் மோசம். 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் அட்டை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு நாலு லீற்றர், முச்சக்கர வண்டிக்கு ஐந்து. பள்ளிக்கூடம், வேலை, சந்தை எல்லாவற்றுக்கும் அந்த நாலு லீற்றர்தான். காரைநகர் கசூரினாக் கடற்கரை யாழ்ப்பாண நகரத்திலிருந்து இருபது கிலோமீற்றருக்குக் கிட்ட. போய்வந்தால் திங்கட்கிழமைக்கு எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் பார்த்தவர்கள் வீட்டோடு நின்றார்கள். "எண்ணெய் வந்தாப் போவம்" என்பது அந்த ஆண்டு பிள்ளைகளுக்குச் சொல்லப்பட்ட பொதுவான பதில்.

வெளியில் சாப்பிடுவதன் கதை வேறு. அது பயணத்தைவிடச் சின்ன விஷயம் போலத் தெரியும், யாழ்ப்பாணத்தில் அப்படியல்ல. தேத்தண்ணிக் கடைக்குள் யார் இருக்கலாம், யார் வெளியே நின்று வேறு பாத்திரத்தில் வாங்கிக் குடிக்க வேண்டும் என்பதைச் சாதி தீர்மானித்த ஊர் இது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957இல் வந்தது. சட்டம் வந்தும் 1960களின் பிற்பகுதியில் சங்கானையிலும் சாவகச்சேரியிலும் தேத்தண்ணிக் கடைக்குள் நுழையப் போராட வேண்டியிருந்தது. குடும்பமாகப் போய் ஒரு மேசையைச் சுற்றி இருந்து சாப்பிடுவது எல்லோருக்கும் உரிய சாதாரண காரியமாகி அப்படி ஒன்றும் அதிக காலம் ஆகவில்லை. வசதிபடைத்த வீடுகளிலும் கடைச்சாப்பாடு என்பது வீட்டில் சமைக்க ஆளில்லாதவனுக்கு உரியது என்ற எண்ணந்தான் இருந்தது. கடைக்குப் போய்ச் சாப்பிடும் பெண்ணை ஊர் ஒரு மாதிரித்தான் பார்த்தது.

இன்று அந்தப் பார்வை மாறியிருக்கிறது, பெரும்பாலும் பிள்ளைகளின் தயவால். பெரியகடையில் மலாயன் கபேக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் அவர்களுக்குச் சோற்றைவிடப் பிடிப்பது, சாப்பிட்ட இலையை மடித்துச் சுவர்த் துவாரத்தால் தள்ளிவிடும் வேலைதான். 2013இல் ஆஸ்பத்திரி வீதியில் காகில்ஸ் சதுக்கம் திறந்து, கே.எப்.சி கோழியும் ஊருக்குள் வந்தது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளும் மச்சம் தொடாத வீட்டில் அந்தச் சிவப்பு விளம்பரப் பலகை ஒரு தினசரி விவாதம். கொடியிறக்கம் முடிந்த மறுநாளுக்கென்று பிள்ளைகள் முன்கூட்டியே வாக்குறுதி வாங்கிவைத்திருப்பார்கள்.

ஆனால் வேலைக்குப் போகும் பெற்றோருக்கு யாழ்ப்பாணம் கண்டுபிடித்துக் கொடுத்த நல்ல வழி கூல்பார். நல்லூர்ப் பக்கம் றியோ, லிங்கம் என்று ஐஸ்கிறீம் கடைகள் பின்னேரம் ஆறு மணிக்கு மேல் நிரம்புவதை ஒருமுறை பார்த்தால் விளங்கும். கந்தோர் முடிந்து, ரியூசன் முடிந்து, கோயில் கும்பிட்டுவிட்டு ஒரே மோட்டார் சைக்கிளில் நாலு பேர். ஆளுக்கொரு ஐஸ்கிறீம், இரண்டு றோல்ஸ். ஒரு மணி நேரத்துக்குள் வீடு. லீவு போட வேண்டாம், முதல்நாள் சமைக்க வேண்டாம், வான்காரனோடு வாய்த்தர்க்கம் வேண்டாம். கோயிலைச் சாட்டி வெளிக்கிட்டதால் மாமியாரும் ஒன்றும் சொல்ல முடியாது. மின்சாரமே இல்லாத யாழ்ப்பாணத்தில் வளர்ந்த தகப்பனுக்கு அந்தக் குளிர்ப்பெட்டிகளின் முன் நின்று "எது வேணும், சொல்லு" என்று கேட்பதில் பிள்ளைகள் அறியாத ஒரு சந்தோஷமும் இருக்கும். நான்கு நாள் வான் பயணத்தைவிட இந்த ஒரு மணி நேரம் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் அதிகம் கொடுக்கிறது என்பதே இந்தத் தொடருக்காகப் பார்த்ததிலிருந்து எழும் அபிப்பிராயம். நுவரெலியாக் குளிரை விரும்புகிறவர்கள் மன்னிக்க.

வார நாட்களில் கைகொடுப்பது வேறொன்று. வடமாகாண விவசாயத் திணைக்களத்தின் 'அம்மாச்சி' உணவகங்கள். தெற்கில் ஹெல போஜுன் என்ற பெயரில் நடக்கும் அதே ஏற்பாடு. இங்கே தமிழ்ப் பெயர். திருநெல்வேலி அம்மாச்சியில் பெண்கள் வரிசையாக அடுப்படியில் நின்று கண்ணுக்கு முன்னாலேயே தோசை சுடுவார்கள், இடியப்பம் பிழிவார்கள், வடை பொரிப்பார்கள். கட்டடம் திணைக்களத்தினுடையது, விற்ற காசு அந்தப் பெண்களுடையது. வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் தாய் ஸ்கூட்டியை நிறுத்திப் பார்சல் கட்டிக்கொண்டு போகிறாள். கடைச்சாப்பாடு என்ற பழைய குற்றவுணர்ச்சி இங்கே அவ்வளவாகக் குத்துவதில்லை. பானை பானையாகச் சமைத்து நிற்பவளும் தன்னைப் போல ஒரு தாய். அவளுடைய பிள்ளைகளின் இராச்சாப்பாட்டை யார் பார்க்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் பார்சலோடு வீட்டுக்கு வரும்.

கிட்டடிப் பயணங்களில் கீரிமலை முதலிடம். கடலை ஒட்டிய நன்னீர்க் கேணி. ஆண்களுக்கு வேறு, பெண்களுக்கு வேறு. சனிக்கிழமைகளில் பிள்ளைகள் ஏறிக் குதிப்பதைப் படிக்கட்டில் இருந்து பார்த்துக்கொண்டே தகப்பன்மார் கந்தோர்க் கதை பேசுவார்கள். இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு இது சும்மா ஊர் சுற்றலல்ல. 1990இல் வலிகாமம் வடக்கு முழுவதும் இடம்பெயர்ந்தது. அதிஉயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன காணிகள் துண்டு துண்டாகத்தான் விடப்பட்டன, இன்னும் எல்லாம் விடப்படவில்லை. காங்கேசன்துறையில் இராணுவம் நடத்தும் தல்செவன விடுதிக்குத் தெற்கிலிருந்து குடும்பங்கள் விடுமுறைக்கு வருகின்றன. அதே வீதியால் கீரிமலைக்குப் போகும் யாழ்ப்பாணத்துத் தகப்பன் மோட்டார் சைக்கிளை மெதுவாக்கி, "அந்தப் பனைக்கு அங்காலைதான் அப்பப்பான்ரை வளவு" என்று கையைக் காட்டுவான். பிள்ளை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கேணியில் தண்ணி நிறைய இருக்குமா என்று கேட்கும்.

இவ்வளவுக்கும் நாள் ஒத்துவர வேண்டும். தாய்க்கும் தகப்பனுக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தாலும் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை என்பதுதான் இப்போதைய சிக்கல். ஐந்தாம் வகுப்பு ஸ்கொலசிப் முடியட்டும் என்பார்கள், பிறகு ஓ.எல், பிறகு ஏ.எல். ஓகஸ்ட் விடுமுறையில் பள்ளிக்கூடம் பூட்டியிருக்கும், ரியூசன் கொட்டில் திறந்திருக்கும். சின்ன வகுப்புகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தனியார் வகுப்பு வைக்கக் கூடாது என்று மாவட்ட நிர்வாகம் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது அதை வரவேற்ற பெற்றோரும் இருந்தார்கள், மற்றப் பிள்ளை முந்திவிடும் என்று பயந்து வீட்டுக்கே வாத்தியாரைக் கூப்பிட்ட பெற்றோரும் இருந்தார்கள். ஒரே வீட்டில் தாய் ஒரு கட்சி, தகப்பன் மறுகட்சி என்பதும் உண்டு. சம்பளத்தில் ரியூசனுக்குப் போகும் பங்கையும், அந்தக் காசுக்காகவே வேலையை விட முடியாமல் இருக்கும் தாய்மாரையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)