இரண்டு லண்டன் மாநாடுகள்

1933 ஜூனில் 66 நாடுகளின் பிரதிநிதிகள் லண்டனில் கூடினார்கள். தென் கென்சிங்டனில் புதிதாகக் கட்டியிருந்த நிலவியல் அருங்காட்சியகம்தான் இடம். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரே வந்து தொடங்கிவைத்தார். பெருமந்தம் உலகை ஆட்டிப்படைத்த நேரம் அது. நாணய மதிப்புகளை நிலைப்படுத்துவது, இறக்குமதி வரிகளைக் குறைப்பது என்று பெரிய திட்டங்களோடுதான் வந்திருந்தார்கள். ஜூலை 3 அன்று அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட்டின் செய்தி வந்தது: நாணய உடன்பாட்டுக்கு அமெரிக்கா தயாரில்லை. அதோடு மாநாடு படுத்துவிட்டது. மாதக் கடைசியில் வெறுங்கையோடு கலைந்தார்கள்.

அதே லண்டனில், 2009 ஏப்ரல் 2 அன்று பெரிய பொருளாதாரங்களின் கூட்டமைப்பான ஜி-20 தலைவர்கள் கூடியபோது நடந்தது வேறு. பன்னாட்டு நாணய நிதியத்தின் கடன் வழங்கும் திறன் மூன்று மடங்காகி 75,000 கோடி டாலரைத் தொட வழி பிறந்தது. உலக நிதி அமைப்பைக் கண்காணிக்க நிதி நிலைத்தன்மை வாரியம் உருவானது. தலைவர்கள் திடீரென்று நல்லவர்களாகிவிடவில்லை. 1933-ல் ஒவ்வொரு நாடும் தன் வீட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நம்பியது. 2008-ல் அமெரிக்க முதலீட்டு வங்கியான லேமன் பிரதர்ஸ் சரிந்தபோது அந்த நம்பிக்கைக்கே இடமில்லை. ஒரு நாட்டு வங்கியின் ஓட்டை இன்னொரு நாட்டு வங்கியை மூழ்கடித்தது. பயம் பொதுவானதால்தான் கைகள் சேர்ந்தன.

இந்த மாநாடுகளெல்லாம் புகைப்படத்துக்கும் விருந்துக்கும்தான் என்பார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஜி-20க்குச் சட்ட அதிகாரம் இல்லை, நிரந்தரச் செயலகம்கூட இல்லை. புதிய வர்த்தகத் தடைகள் போடமாட்டோம் என்று 2008 நவம்பரில் வாஷிங்டனில் சொன்னவர்களில் 17 நாடுகள் சில மாதங்களிலேயே அதை மீறியதாக உலக வங்கி கணக்கெடுத்தது. ஆனாலும் 1930களில் நடந்ததுபோல, ஒரு நாடு வரிச்சுவர் எழுப்ப மற்ற நாடுகள் அதைவிட உயரமாக எழுப்பும் போட்டி அப்போது மூளவில்லை. நடக்காமல் போன கேட்டைப் படம் எடுக்க முடியாது என்பதால் அதற்கு யாரும் நன்றி சொல்வதில்லை.

என் குறை வேறு. வீடு எரிவது ஏழை நாட்டில் மட்டும் என்றால் இதே தலைவர்களுக்கு அவசரம் வருவதில்லை. 2021-ல் நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு எடுப்பு உரிமைகளை, அதாவது நாடுகளின் கையிருப்பாகும் சொத்தை, பங்கிட்டது. யாருக்கு எவ்வளவு என்பதை அவரவர் பங்களிப்பு விகிதமே தீர்மானிப்பதால், மொத்த ஆப்பிரிக்காவுக்கும் கிடைத்தது சுமார் 3,300 கோடி. கடனில் தவிக்கும் நாடுகளுக்காக 2020 நவம்பரில் ஜி-20 கடனை மறுசீரமைக்க ஒரு பொதுச் சட்டகத்தை அறிவித்தது. அது ஏழை நாடுகளுக்கு மட்டும் என்பதால், நடுத்தர வருமான நாடான இலங்கை 2022-ல் கடன் தவணையை நிறுத்தியபோது அந்த வாசலில் நிற்கவே முடியவில்லை. இந்தியா, ஜப்பான், பிரான்ஸ் மூன்றும் தனியாக ஒரு குழு அமைத்துப் பேச வேண்டியிருந்தது. சீனாவோடு இன்னொரு பக்கம் பேச்சு.

கடன் கொடுத்த நாடுகள் பலவாகி, ஒன்றையொன்று நம்பாமல் இருப்பதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று ஜி-20 தரப்பில் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் நம்பிக்கையில்லாத நாடுகள்தான் 2009-லும் ஒரே மேசையில் உட்கார்ந்தன. லேமன் சரிந்து லண்டனில் முடிவெடுக்க ஆனது ஆறரை மாதம். 2020 நவம்பரில் கடன் தவறிய ஜாம்பியாவுக்கு, கடன் கொடுத்த அரசுகளோடு உடன்பாடு கிடைத்தது 2023 ஜூனில்.