பெரிய அறையும் பிள்ளைகளின் பங்கும்

புதிதாகக் குடிபுகும் அடுக்குமாடி வீடுகளில் அறைகள் பங்கிடப்படும் விதத்தைக் கவனித்து வருகிறவர்களுக்கு இது புதிதல்ல: குளியலறையோடு கூடிய மிகப் பெரிய அறை, 'மாஸ்டர் பெட்ரூம்' என்ற பெயரைத் தாங்கியிருக்கும் ஒரே காரணத்தால், காலையில் வெளியேறி இரவில் மட்டும் திரும்பும் கணவன் மனைவிக்குப் போய்ச் சேர, படிப்பு, விளையாட்டு, உறக்கம், சண்டை, சமாதானம் ஆகிய யாவற்றையும் ஓரிடத்திலேயே நடத்தியாக வேண்டிய இரண்டு பிள்ளைகள், அடுக்குக் கட்டிலும் மேஜையும் போட்டபின் நின்று சட்டை மாற்றவும் இடமில்லாத சின்ன அறையில் அடைபடுகிறார்கள். இதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. பெரிய அறை பிள்ளைகளுக்கே என்று உற்சாகத்தோடு தீர்மானித்தவர்கள், அந்த அறையின் பால்கனியையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்ப்பதில்லை. அல்லது, பல வருஷங்களாக அந்த அறையில் இருந்த பாட்டியின் கட்டிலைக் கூடத்துக்கு நகர்த்திவிட்டு, பேரப் பிள்ளைகளுக்கு இடம் செய்ததாகத் திருப்தி கொள்கிறார்கள்.

என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டோ அதற்கு மேலோ பிள்ளைகள் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் வீட்டில், பெரிய அறையை அவர்களுக்குக் கொடுப்பதே நியாயம். ஏனெனில் அறையை அதிக நேரம் உபயோகிக்கிறவர்கள் அவர்கள்தாம். ஒரே குழந்தை, அதுவும் இன்னும் தாயின் அருகே உறங்கும் பிராயம் என்றால், அவசரம் ஏதும் இல்லை. அண்ணன் தங்கையாகப் பத்து வயதைக் கடந்தவர்கள் என்றால், ஒரு பெரிய அறையைவிடத் தனித்தனியே இரண்டு சிறு அறைகள் சிலாக்கியம். எதுவாயினும் பிள்ளைகளைக் கேட்டுச் செய்ய வேண்டும். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லக் குழந்தைக்கு உரிமை உண்டு என்று கூறும் ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையை நம் தேசம் 1992-இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

அறையின் அளவை மட்டும் பார்த்து முடிவு செய்கிறவர்கள் பாதிதான் பார்க்கிறார்கள். தேசியக் கட்டட விதித்தொகுப்பு (2016) நேரடிச் சட்டம் இல்லையென்றாலும் நல்ல அளவுகோல்: வசிக்கும் அறை 9.5 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய 102 சதுர அடிக்குக் குறையலாகாது, அகலம் 2.4 மீட்டராவது வேண்டும். இரண்டு அறைகள் உள்ள வீட்டில் இரண்டாவது அறை 7.5 சதுர மீட்டராகவும் 2.1 மீட்டர் அகலமாகவும் இருக்கலாம். காற்றுக்கும் வெளிச்சத்துக்குமான திறப்பு, சென்னை போன்ற ஈர வெப்பப் பிரதேசத்தில், தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும். டேப் எடுத்து அளந்து பாருங்கள். பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய அறை பல வீடுகளில் இந்தக் கணக்கில் தேறாது. இன்னொன்று: வாஸ்துவை உத்தேசித்துத் தென்மேற்கு மூலையில் கட்டப்படும் பெரிய அறையின் மேற்குச் சுவர், சித்திரை வைகாசியில் பிற்பகல் முழுவதும் வெயிலை வாங்கி, இரவெல்லாம் அதை உள்ளே கக்கிக்கொண்டிருக்கும். அத்தகைய அறையைவிடக் கிழக்கு ஜன்னலுள்ள நடுத்தர அறை பிள்ளைகளுக்கு உகந்தது.

பெரிய அறையே என்று தீர்மானித்தால், கட்டிலைப் போடுமுன் செய்ய வேண்டியவை சில உண்டு. பால்கனிச் சுவர் ஒரு மீட்டருக்குக் குறையாத உயரம் இருக்க வேண்டும். அதன் அருகிலோ ஜன்னலின் அருகிலோ கட்டில், நாற்காலி, டிரங்குப் பெட்டி எதுவும் இருக்கலாகாது. ஜன்னல் கிரில்லில் ஒரு பகுதியேனும் திறக்கக்கூடியதாக இருந்து, அதன் சாவி பெரியவர்களுக்கு உடனே கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்த வீட்டில் திறவாத கிரில் உள்ளிருப்பவர்களின் வழியை அடைத்துவிடும். அடுக்குக் கட்டிலின் மேல்தட்டை மின்விசிறிக்குக் கீழே போடுகிறவர்களின் அலட்சியத்தை எத்தனை முறை கண்டித்தாலும் போதாது: எழுந்து உட்கார்ந்து கையை உயர்த்துகிற குழந்தைக்கும் சுழலும் இறக்கைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று ஒரு தடவை அளந்து பாருங்கள், ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை மேல்தட்டில் படுக்க வைக்கவே வேண்டாம். பீரோவைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள். மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். குளியலறைக்குள் கேஸ் கீசர் இருந்தால் அன்றே கழற்றச் சொல்லுங்கள். மூடிய குளியலறையில் அது உண்டாக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. அறைக் கதவு, குளியலறைக் கதவு இரண்டிலும் உள் தாழ்ப்பாளை நீக்கி, வெளியிலிருந்தும் திறக்கக்கூடிய பூட்டைப் பொருத்துங்கள். இதை மீண்டும் சொல்கிறேன், ஏனெனில் பலர் தள்ளிப்போடுவது இதைத்தான்: குழந்தை உள்ளே தாழிட்டுக்கொண்டு அலறும்போது ஆசாரியைத் தேடி ஓடுவதில் பிரயோஜனம் இல்லை.

இனி முக்கியமான விஷயம்: அந்த அறை காகிதத்தில் அறைதானா? வரைபடத்தில் 'ஸ்டோர்' என்றோ 'யுடிலிட்டி' என்றோ 'பால்கனி' என்றோ அனுமதி பெற்ற இடத்தைச் சுவர் வைத்து அடைத்து, 'குழந்தைகள் அறை' என்று விற்கிற பழக்கம் பரவிக்கிடக்கிறது. பில்டர் கொடுக்கும் வண்ணப் படத்தை நம்பாமல், அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். சென்னைப் பெருநகரப் பகுதியில் பெரிய கட்டடங்களுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும், பிற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமும், கட்டட அனுமதியளவில் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியும் இந்தக் கோப்பை வைத்திருக்கும். நேரில் போனால் ஒரு மேஜையிலிருந்து மறுமேஜைக்கும், அங்கிருந்து 'அடுத்த வாரம் வாருங்கள்' என்ற பதிலுக்கும் அனுப்புகிற உத்தியோகஸ்தர்களோடு மல்லுக்கு நிற்காமல், தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) பிரிவு 6(1)-இன் கீழ் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். 'பொதுத் தகவல் அலுவலர்' என்று முகவரியிட்டு, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் தபாலில் அனுப்புங்கள். 'ஏன் இப்படி அனுமதித்தீர்கள்?' என்று கேட்காதீர்கள். அவ்வகைக் கேள்விகள் தள்ளுபடியாகும். ஆவணத்தைக் கேளுங்கள்: 'இன்ன சர்வே எண், இன்ன கதவு எண்ணுள்ள கட்டடத்துக்கு வழங்கிய திட்ட அனுமதி, கட்டட அனுமதி, அவற்றோடு இணைந்த வரைபடங்கள், பணி நிறைவுச் சான்று ஆகியவற்றின் நகல்கள் தேவை' என்று எழுதினால் போதும். 30 நாளில் பதில் வராவிடில் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கும், அங்கும் பயனில்லையென்றால் 90 நாளுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கும் போகலாம். நாட்களைக் காலண்டரில் குறித்து வையுங்கள். கெடு தவறி வழக்கை இழக்கிறவர்கள் ஏராளம்.

வரைபடமும் வீடும் பொருந்தாவிட்டால், ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் (2016) கைகொடுக்கும். வாங்குபவரின் முன்சம்மதமின்றி அனுமதி வரைபடத்தை மாற்றப் பில்டருக்கு உரிமையில்லை என்கிறது பிரிவு 14; பொய் விளம்பரத்தால் நஷ்டமடைந்தவருக்கு ஈடு உண்டு என்கிறது பிரிவு 12. ஒழுங்குமுறை ஆணையத்துக்கு 'எம்' (M) படிவத்தில் புகார். நஷ்டஈடு கோரித் தீர்ப்பளிக்கும் அலுவலருக்கு 'என்' (N) படிவத்தில் விண்ணப்பம். இரண்டும் வெவ்வேறு; ஒன்றில் எழுதி மற்றதை எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். விற்பனை ஒப்பந்தம், ரசீதுகள், விளம்பரத் தாள், அனுமதி வரைபடம் ஆகியவற்றை இணையுங்கள்.

வாடகை வீட்டில் பெரிய அறையை இரண்டாகத் தடுக்கவோ, கிரில் பொருத்தவோ விரும்புகிறவர்கள் வீட்டுக்காரரின் வாய்ச் சொல்லை நம்ப வேண்டாம், எழுத்தில் வாங்குங்கள். 2019 முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தம் எழுத்தில் அமைந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். கட்டடப் பழுது பார்ப்பது, வேறுவிதமாக ஒப்பந்தம் செய்யாவிட்டால், வீட்டுக்காரரின் பொறுப்பு.

கடைசியாக, கூடத்துக்குத் தள்ளப்பட்ட முதியவர்கள். பிள்ளைகளுக்கு இடம் வேண்டுமென்பது எத்தனை உண்மையாயினும், வீட்டை மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதிக் கொடுத்துவிட்டுக் கதவில்லாத மூலையில் படுத்திருக்கும் தாயின் மானத்தைப் பறித்துப் பேரனுக்குக் கொடுக்கும் அறை அநியாயமான அறை. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் (2007), பராமரிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே உணவு, உடை, மருத்துவத்தோடு உறைவிடத்தையும் சேர்த்திருக்கிறது. எழுதிக் கொடுக்குமுன், 'என் ஆயுள் உள்ளளவும் இன்ன அறையில் வசிக்கவும், பராமரிக்கப்படவும் எனக்கு உரிமை உண்டு. தவறினால் இப்பத்திரம் ரத்தாகத் தக்கது' என்ற நிபந்தனையைச் சார்பதிவாளர் முன் பதிவாகும் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பத்திரத்திலேயே, மறுபடியும் சொல்கிறேன், வாய்ப்பேச்சில் அல்ல. நிபந்தனை மீறப்பட்டால் பிரிவு 23-இன் கீழ் அந்த மாற்றத்தையே செல்லாததாக்கக் கோரலாம். விண்ணப்பம் போக வேண்டிய இடம் வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயம். எழுத இயலாதவர்கள் மாவட்டச் சமூக நல அலுவலரையோ, 14567 என்ற இலவச எண்ணையோ அணுகலாம். பராமரிப்புக் கோரும் மனுவை நோட்டீஸ் சார்வான நாளிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டுமென்பது சட்டம். பத்திர நகல், ஆதார் நகல், வயதுக்கான சான்று, அறை பறிக்கப்பட்ட விதத்தைத் தேதியோடு விவரிக்கும் ஒரு பக்க மனு ஆகியவற்றை இரண்டு பிரதிகளாகக் கொண்டுபோய், ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்காமல் அந்தப் படியை விட்டு இறங்காதீர்கள்.