கடல் கண்ணாடி

கடலில் விழுந்த புட்டி, கோப்பை, விளக்குக் கூண்டு போன்றவற்றின் உடைந்த துண்டுகள் அலையிலும் மணலிலும் பல்லாண்டுகள் உருண்டு, கூர்முனை மழுங்கி, பனி படர்ந்தது போன்ற மங்கிய மேற்பரப்பைப் பெறும்போது அவை கடல் கண்ணாடி எனப்படுகின்றன. பார்வைக்குக் கூழாங்கல் போலவோ மணிக்கல் போலவோ தோன்றினாலும் இது மனிதர் எறிந்த குப்பையே. சேகரிப்பாளர்கள் இதை நகைகளில் பதிக்கிறார்கள்.

உருவாகும் விதம்

கடல் கண்ணாடி உருவாவதில் தேய்வு, அரிப்பு என்னும் இரு செயல்கள் உள்ளன. முதலாவது எளிதில் விளங்கும். மோசு கடினத்தன்மை அளவுகோலில் கண்ணாடியின் மதிப்பு ஏறத்தாழ 5.5 ஆகும். கடற்கரை மணலில் மிகுந்துள்ள குவார்ட்சின் மதிப்பு 7. ஆகவே மணல் கண்ணாடியைக் கீறுகிறது. கண்ணாடியால் மணலைக் கீற முடிவதில்லை. கூழாங்கற்களோடு மோதும்போது துண்டின் விளிம்புகள் சிறு சில்லுகளாகப் பெயர்ந்து விழுகின்றன. இந்த மோதல்கள் மேற்பரப்பில் பிறை வடிவத் தழும்புகளை விட்டுச் செல்கின்றன. உருப்பெருக்குக் கண்ணாடி வழியே பார்த்தால் இவை தெளிவாகத் தெரியும்.

இரண்டாவது செயல் வேதியியல் சார்ந்தது. புட்டிக் கண்ணாடியின் பெரும்பகுதி சிலிக்கா. அதனுடன் சோடாவும் சுண்ணாம்பும் சேர்த்து உருக்கப்படுகின்றன. துண்டு நீரில் நெடுங்காலம் கிடக்கும்போது மேற்பரப்பிலுள்ள சோடியம் அயனிகள் மெல்ல வெளியேற, நீரிலுள்ள ஐதரசன் அயனிகள் அந்த இடத்தைப் பிடிக்கின்றன. சுண்ணாம்பிலிருந்து வந்த கால்சியமும் ஓரளவு கரைந்து போகிறது. இதனால் நுண்ணிய குழிகள் தோன்றுகின்றன. இக்குழிகளும் கீறல்களும் ஒளியைச் சிதறடிப்பதாலேயே துண்டு மங்கலாகத் தெரிகிறது. நீரில் நனைத்தால் குழிகள் நிரம்பி ஒளிச்சிதறல் குறைவதால், சற்று நேரம் பழைய தெளிவு திரும்பக் காணலாம்.

இம்மாற்றத்திற்குச் சில பத்தாண்டுகளாவது தேவை. எல்லாக் கரையிலும் இது நடப்பதில்லை. சேற்றில் புதைந்த துண்டும், அலை எட்டாத ஆழத்தில் கிடக்கும் துண்டும் கூர்மை குறையாமலே இருக்கும். கூழாங்கல்லும் இடைவிடாத அலையும் உள்ள கரைகளே இதற்கு ஏற்றவை.

சீகம் கடற்கரை

இங்கிலாந்தின் டர்ரம் மாவட்டத்தில், வட கடலோரம் சீகம் என்னும் சிற்றூர் உள்ளது. இங்கு 1853-இல் தொடங்கப்பட்ட புட்டித் தொழிற்சாலை 1921-இல் மூடப்பட்டது. அது இயங்கிய காலம் முழுவதும் கழிவுக் கண்ணாடி கடலில் கொட்டப்பட்டது. ஆலை மூடி நூறாண்டுகள் கடந்த பின்னும் அத்துண்டுகள் கரை ஒதுங்கி வருகின்றன. ஒரே துண்டில் இரண்டு மூன்று நிறங்கள் அடுக்கடுக்காக அமைந்த துண்டுகள் சீகத்தின் தனிச்சிறப்பு. வெவ்வேறு நிறக் கண்ணாடிக் குழம்பின் மிச்சங்கள் ஒன்றாகக் கலந்து இறுகியதால் இவை உண்டாயின.

போர்ட் பிராக்

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள போர்ட் பிராக் நகரின் கண்ணாடிக் கடற்கரை, உண்மையில் ஒரு பழைய குப்பைமேடு. 1906 முதல் 1967 வரை நகர மக்கள் புட்டிகளையும் வீட்டுச் சாமான்களையும், பழைய வண்டிகளைக்கூட, பாறை விளிம்பிலிருந்து கடலோரத்தில் தள்ளினர். பின்னர் உலோகக் கழிவுகள் அகற்றப்பட்டன, மக்கக்கூடியவை மக்கின, கண்ணாடி மட்டும் எஞ்சியது. இதன் ஒரு பகுதி இன்று மாநிலப் பூங்காவைச் சேர்ந்தது. அங்கே துண்டுகளை எடுத்துச் செல்லத் தடை உண்டு. ஆயினும் வருவோர் கைக்கு அகப்பட்டதை அள்ளிச் செல்வதால் கரை வெறுமையாகி வருகிறது. புதிதாகக் கண்ணாடி கொட்டி நிரப்பலாம் என்ற யோசனையும் அங்கு எழுந்ததுண்டு. ஒரு காலத்தில் கடலைக் கெடுப்பதாகக் கருதி நிறுத்தப்பட்ட செயலை, அழகுக்காக மீண்டும் தொடங்கச் சொல்வது விந்தைதான்.

நிறமும் வயதும்

பச்சை, பழுப்பு, வெள்ளைத் துண்டுகள் மலிவாகக் கிடைப்பவை. மது, குளிர்பானப் புட்டிகள் பெரும்பாலும் இந்நிறங்களில் இருந்ததே காரணம். கோபால்ட்டு சேர்ந்த கருநீலம் பழைய மருந்துப் புட்டிகளிலிருந்து வருவதுண்டு. சிவப்பும் செம்மஞ்சளும் மிக அரியவை. இளஊதா நிறத்தின் கதை வேறு. மணலிலுள்ள இரும்பு தரும் பச்சைச் சாயலைப் போக்க அக்காலத்தில் மாங்கனீசு சேர்த்தனர். நிறமற்றதாகச் செய்யப்பட்ட அக்கண்ணாடி, வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு ஊதாவாக மாறியது. இம்முறை முதல் உலகப் போர்க் காலம் வரை பரவலாக இருந்ததால், இளஊதாத் துண்டு ஏறத்தாழ நூறு வயதைத் தாண்டியது என மதிப்பிடலாம்.

போலிகள்

புட்டிகளின் இடத்தை நெகிழி பிடித்துக்கொண்டதாலும், கழிவைக் கடலோரம் கொட்டுவது பல நாடுகளில் தடுக்கப்பட்டதாலும் புதிய வரத்து குறைந்துவிட்டது. விலை ஏறவே, உடைந்த கண்ணாடியை உருளும் பீப்பாயில் மணலோடு சுழற்றியும் அமிலத்தில் தோய்த்தும் செயற்கைத் துண்டுகள் செய்யப்படுகின்றன. இவற்றின் மங்கல் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இருக்கும். பிறைத் தழும்புகள் பொதுவாகக் காணப்படுவதில்லை.