சொந்த விமானத்துக்கு வயரிங் படம்: எதில் வரைவது?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் அரோரா என்றொரு சிற்றூர். அங்கிருக்கும் வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்துக்கு விமானத்தைப் பாகம் பாகமாகப் பெட்டியில் வைத்து விற்பதுதான் தொழில். வாங்கியவர் வீட்டு கராஜிலேயே ரிவெட் அடித்து, சில வருடங்களில் பறக்கவும் செய்துவிடுகிறார். இந்த நிறுவனத்தின் ஆர்.வி. ரக விமானங்கள் மட்டும் 10,000-க்கு மேல் இப்படிப் பறந்திருக்கின்றன. கட்டும் வேலையில் பெரும்பங்கைத் தனிமனிதர்கள் கற்பதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருந்தால், அமெரிக்க விமானத் துறை அந்த விமானத்துக்குத் தனிப் பிரிவில் அனுமதி தருகிறது.

இறக்கைக்கும் வாலுக்கும் கிட்டிலேயே விரிவான படங்கள் உண்டு. வயரிங்குக்கு வந்தால் கதை வேறு. தயார் வயரிங்கோடு வரும் ஆர்.வி.12 போன்றவற்றை விட்டுவிட்டால், எந்த ரேடியோ, எந்தத் திரை, பாட்டரி ஒன்றா இரண்டா என்பதெல்லாம் கட்டுபவரின் இஷ்டம். அதனால் படம் போடுவதும் அவர் பொறுப்பு.

அந்தப் படத்தில் என்னவெல்லாம் இருக்க வேண்டும் என்று முதலில் பார்த்துவிட்டால், மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது சுலபம். லேண்டிங் லைட்டை எடுத்துக்கொள்வோம். ஃபியூஸ், ஸ்விட்ச், இறக்கையில் விளக்கு, அங்கிருந்து கிரவுண்ட். பழைய 100 வாட் பல்பு 14 வோல்ட்டில் சுமார் 7 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய 22 கேஜ் வயருக்கு வழக்கமாகப் போடுவது 5 ஆம்பியர் ஃபியூஸ். ஆகவே இங்கே தடித்த 18 கேஜ் வயரும் 10 ஆம்பியர் ஃபியூஸும். ஃபியூஸ் இருப்பது பல்பைக் காப்பாற்ற அல்ல, வயர் எரியாமல் இருக்க. வெறும் கோட்டைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. விமானத் துறையின் பழைய வழக்கப்படி அந்த வயருக்கு ‘எல்5ஏ18’ என்று பெயர் வைக்கலாம்: எல் விளக்குச் சுற்று, 5 வயரின் எண், ஏ முதல் துண்டு, 18 கேஜ். ஸ்விட்சைத் தாண்டியதும் அதுவே ‘எல்5பி18’. கடைசியில் ‘என்’ ஒட்டியிருந்தால் அது கிரவுண்டுக்குப் போகும் வயர்.

இதைப் பவர்பாயிண்ட்டில்கூட வரையலாம், வரைந்தவர்களும் உண்டு. விசியோ, லிப்ரே ஆபீஸ் டிரா எல்லாம் இந்த வகைதான். ஒரே நாளில் கை பழகிவிடும். ஆனால் பெட்டியை நகர்த்தும்போது ஒரு கோடு விட்டுப்போனாலும் மென்பொருளுக்கு அது வெறும் கோடுதான், வாயே திறக்காது.

அடுத்தது ஆட்டோகேட் வகை. இதன் பக்கம் பலரை இழுத்தவர் கான்சாஸ்காரரான பாப் நக்கல்ஸ். அவருடைய ‘ஏரோஎலெக்ட்ரிக் கனெக்‌ஷன்’ புத்தகத்தின் பின்னிணைப்பில் உள்ள மாதிரிச் சுற்றுகள் ஆட்டோகேட் கோப்புகளாகவும் கிடைக்கின்றன. அவற்றைத் திறந்து, வேண்டாததை அழித்து, தன்னுடையதைச் சேர்த்துக்கொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. இதற்காக ஆட்டோகேட்டைச் சந்தா கட்டி வாங்க வேண்டியதில்லை, அந்தக் கோப்பைத் திறக்கும் மலிவான மென்பொருள்கள் பல இருக்கின்றன.

மூன்றாவது, மின்னணுப் பொறியாளர்கள் புழங்கும் வகை. அதில் முன்னணியில் இருப்பது கீகேட். 1992-ல் பிரான்ஸில் ழான் பியேர் ஷராஸ் என்ற கல்லூரி ஆசிரியர் தொடங்கியது. பின்னாளில் செர்ன் ஆய்வுக்கூடமும் கைகொடுத்தது. காசு கிடையாது. இதில் கோடு என்றால் இணைப்பு. 37 பின் கனெக்டர் ஒன்றை வரைந்து ஒரு பின்னை அப்படியே விட்டுவிட்டால், சோதனை ஓட்டும்போது இது எங்கும் சேரவில்லை என்று சொல்லிவிடும். வேண்டுமென்றே விட்டதானால் ஒரு பெருக்கல் குறி போட வேண்டும்.

இவ்வளவு கெட்டிக்கார மென்பொருளுக்கு விமானத்தில் ஒரு குருட்டுப்புள்ளி உண்டு. இது சர்க்யூட் போர்டுக்காகப் பிறந்தது. மூன்று கருவிகளின் கிரவுண்டை ஒன்றாகச் சேர்த்தால், அதன் கணக்கில் மூன்றும் ஒரே புள்ளி. வயர்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்தனவா, ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிப் போயினவா, விமான உடலின் ஆளுக்கொரு மூலையில் முடிந்தனவா என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விமானிக்கோ அதுதான் பொருட்டு: கிரவுண்ட் கண்ட இடத்தில் முடிந்தால், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளைச் சத்தம் ஹெட்செட்டில் கேட்கக்கூடும். இதற்கு ஒரு வழி இருக்கிறது. கிரவுண்ட் வயர்கள் வந்து சேரும் பிளாக்கை வெறும் குறியாகப் போடாமல், எண்ணிட்ட பின்கள் கொண்ட கனெக்டராகவே வரைந்து, ஒவ்வொரு வயரையும் அதற்கான பின்னில் முடிக்க வேண்டும்.

எக்ஸ்பிரஸ்எஸ்சிஎச் என்ற இலவச மென்பொருளும் கட்டுபவர்கள் மத்தியில் பிரபலம். எளிமையானது, விண்டோஸில் ஓடும். ஆனால் அதன் கோப்பு அதற்கே உரியது. ஆண்டுக்கணக்கில் நீளும் வேலைக்கு இது சின்ன விஷயமல்ல. ஈகிள் என்ற இன்னொரு சர்க்யூட் மென்பொருளின் கதையைப் பாருங்கள். 2016-ல் அதை வாங்கிய ஆட்டோடெஸ்க், 2026 ஜூனோடு கடையை மூடுவதாக 2023-ல் அறிவித்தது. அதில் பாதிப் படம் வரைந்து வைத்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. கீகேட் தன் படங்களை வெறும் எழுத்துக் கோப்பாகவே சேமிக்கிறது, எந்த எடிட்டரிலும் திறந்து படிக்கலாம். ஒரு மாதம் உட்கார்ந்து கற்கப் பொறுமை உள்ளவருக்கு அதுவே சரி. பொறுமை இல்லாதவர் டிராவில் வரைந்தாலும் தப்பில்லை, வயர் எண்களை விட்டுவிடாமல் எழுதினால் போதும்.

எதில் வரைந்தாலும், ஒரு அமைப்புக்கு ஒரு பக்கம் என்று பிடிஎஃப் எடுத்து, அச்சடித்து விமானத்தின் பதிவேடுகளோடு வைத்துக்கொள்வது நல்லது. கட்டியவர் விண்ணப்பித்து, அந்த விமானத்தின் வருடாந்திரச் சோதனையைத் தானே செய்யும் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். விமானத்தை விற்றால் அந்தச் சான்றிதழ் கூடப் போகாது. வாங்கியவர் உரிமம் பெற்ற மெக்கானிக்கைத்தான் கூப்பிட வேண்டும். மணிக்கணக்கில் கூலி வாங்கும் அவர், படம் இல்லாமல் பேனலுக்குள் தலையை விட்டு ஒவ்வொரு வயராகத் தடவித் தேடினால், பில்லும் மணிக்கணக்கில்தான் ஏறும்.