சாரல் மண்ணுக்கு ஏற்ற மைதானம்

பசுமை விளையாட்டரங்கம் என்றதும் கூரையில் சூரிய மின்தகடுகளும், தரையில் செயற்கைப் புல்லும்தான் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ஆனால், ஓர் அரங்கம் பசுமையானதா என்பதை அதன் தோற்றம் தீர்மானிப்பதில்லை. அந்த ஊரின் மழை, காற்று, மண் ஆகியவற்றுக்கு இசைய அது அமைந்திருக்கிறதா என்பதே கேள்வி. 2019 நவம்பர் 22-இல் தனி மாவட்டமான தென்காசியின் கல்லூரிகள் நவீன கால்பந்து மைதானம் அமைக்க எண்ணினால், இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும்.

அமெரிக்காவின் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2011-இல் திறந்த அரங்கம், அந்நாட்டில் புதிதாகக் கட்டப்பட்ட கல்லூரி கால்பந்து அரங்கங்களில் 'லீட் பிளாட்டினம்' என்னும் உயரிய பசுமைச் சான்றை முதன்முதலில் பெற்றது. அங்கு விளையாடப்படுவது அமெரிக்க பாணி கால்பந்து என்றாலும், பாடம் பொதுவானது. காற்று வீசும் சமவெளியில் இருப்பதால் அருகிலேயே மூன்று காற்றாலைகள் நிறுவப்பட்டன. தைவானின் கௌசியுங் அரங்கம் 2009-இல் தன் கூரையையே 8,844 சூரியத் தகடுகளால் அமைத்தது. அந்தந்த ஊரில் எது மிகுதியோ, அதுவே அங்கு மூலதனமானது.

தென்காசியில் மிகுதியாக இருப்பவை காற்றும் மழையும். தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டைக் கணவாய் வழியே சமவெளிக்குள் நுழைகிறது. அதை நம்பியே இப்பகுதியில் காற்றாலைகள் எழுந்தன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மேகமூட்டத்தால் சூரிய மின்சாரம் குறையும் குற்றால சீசனில்தான் காற்று மின்சாரம் உச்சம் தொடுகிறது. இரண்டும் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுசெய்யும்.

அடுத்தது தரை. செயற்கைப் புல்லுக்குத் தண்ணீர் குறைவாகப் போதும் என்பது உண்மையே. ஆனால், வெயிலில் அது இயற்கைப் புல்லைவிட மிக அதிகமாகச் சூடேறும். அதில் தூவப்படும் ரப்பர் துகள்கள் மழைநீரோடு வெளியேறும். நுண்நெகிழி கலப்பதைத் தடுக்க, இத்தகைய துகள்களின் விற்பனையை 2031 முதல் நிறுத்த ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி வகுத்தது. சிற்றாறும் குளங்களும் பாசனத்துக்கு உயிராக இருக்கும் மண்ணில் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வெப்ப நாடுகளின் மைதானங்களில் பரவலாக வளர்க்கப்படும் பெர்முடா புல், நம் அருகம்புல்லின் இனமே.

புல்லுக்குத் தண்ணீர்? 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் கொண்ட ஆடுகளத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். கோடையில் நாளொன்றுக்கு 5 மி.மீ. நீர் தேவை எனக் கொண்டால், 35,700 லிட்டர் வேண்டும். 20 மி.மீ. மழை பெய்தால் ஆடுகளத்தில் மட்டும் 1,42,800 லிட்டர் விழுகிறது. அதாவது, நான்கு நாள் தேவை. புல்லுக்கு அடியில் மணல், சரளைக்கல் அடுக்குகளும் துளையிட்ட குழாய்களும் அமைத்தால், மழை நின்ற சிறிது நேரத்திலேயே ஆட்டத்தைத் தொடங்கலாம். வடிந்த நீரையும் தொட்டியில் சேர்க்கலாம். ஆனால், மழைநீர்த் தொட்டி மட்டுமே கோடை முழுவதையும் தாங்காது. 500 மாணவர்கள் தங்கும் விடுதியில் ஒருவர் நாளுக்கு 70 லிட்டர் பயன்படுத்திய நீரை வெளியேற்றினால், அது 35,000 லிட்டர். அதைச் சுத்திகரித்தால் புல்லின் தேவை ஏறத்தாழ நிறைவேறிவிடும். நிலத்தடி நீரில் கைவைக்க வேண்டியதில்லை.

பார்வையாளர் இருக்கைகளுக்கும் கான்கிரீட் மலை தேவையில்லை. பள்ளம் தோண்டிய மண்ணையே கரையாக்கிப் படிகள் அமைக்கலாம். கரையின் மேல் வேம்பும் புங்கையும் நிழல் தரும். இரவு விளக்குகளின் ஒளி ஆடுகளத்துக்குள் மட்டும் விழும்படி மறைப்பு வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை 2012 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதன் அடிவாரத்தில் இரவில் நடமாடும் உயிர்களுக்கு இருளும் ஒரு வாழிடம்.

இவ்வளவும் யாருக்காக? இந்திய மகளிர் லீக் கோப்பையை 2018-19 பருவத்தில் வென்றது மதுரையின் சேது கால்பந்து அணி. நம் பெண்களிடம் திறமைக்குக் குறைவில்லை. பாதுகாப்பான உடைமாற்று அறையும், வெளிச்சமும், சேறாகாத தரையும்தான் பல இடங்களில் இல்லை. ஆண்டில் சில போட்டிகளுக்காகத் திறந்து, மற்ற நாள்களில் பூட்டிக் கிடக்கும் அரங்கம், எத்தனை சான்றிதழ் பெற்றாலும் செலவழித்த சிமென்டுக்கும் இரும்புக்கும் நியாயம் செய்யாது. காலையில் கல்லூரிக்கும், மாலையில் சுற்றுவட்டாரப் பள்ளி மாணவ, மாணவியருக்கும் கதவு திறந்திருக்கும் மைதானமே முழுமையான பசுமை மைதானம். வரைபடம் தயாராகும் முன்பே கல்லூரி நிர்வாகங்கள் இதை முடிவு செய்ய வேண்டும்.