டேங்க்ல பெட்ரோல் இருக்கு... வண்டிதான் ஓடல!

பதிவு போட்டு ரெண்டு மாசம் ஆச்சு. ஆணி ஜாஸ்தி, மன்னிச்சுக்கோங்க மக்களே. இன்னைக்கு ஒரு பனிக்கதையோட வந்திருக்கேன். கொஞ்சம் மெக்கானிக் வேலையும் உள்ள இருக்கு. ஸ்னோமொபைல் ஓட்டுற நம்ம ஆளுங்க யாராவது கனடா, ஃபின்லாந்து பக்கம் இருந்தா கடைசி வரைக்கும் படிங்க. மத்தவங்க "இவனுக்கு நல்லா வேணும்"னு சிரிக்கவாவது படிங்க.

நான் இருக்கிற ஊர் ஹௌட்டன். மிச்சிகனோட வடக்குக் கோடி, சுப்பீரியர் ஏரியை ஒட்டின இடம். ஏரிக்காத்து பனியை அள்ளிட்டு வந்து கொட்டிட்டே இருக்கும். வடக்க போற நெடுஞ்சாலை ஓரத்துல பனிக்குன்னே ஒரு பெரிய அளவுகோல் நட்டு வச்சிருக்காங்க. 1978-79 குளிர்காலத்துல விழுந்தது 390.4 அங்குலம். 32 அடிக்கு மேல! நம்ம ஊர் மாடி வீடே மூழ்கிடும்.

இங்க ஸ்னோமொபைல் நம்ம ஊர் டூவீலர் மாதிரி. முன்னாடி ரெண்டு சறுக்குக்கட்டை, பின்னாடி சுத்துற ரப்பர் டிராக், ஸீட்டுக்கு அடியில பிளாஸ்டிக் டேங்க். எங்க லேப் சீனியர் ஒருத்தர், திருநெல்வேலிக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர் செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வாங்கினார். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி. கம்பெனி பேர் வேணாம், பாவம் அவங்க மேல தப்பில்ல, வண்டிக்கு வயசு அப்படி.

ஜனவரி கடைசி, ஒரு செவ்வாய்க்கிழமை. ரெண்டு பேரும் ஒரே வண்டியில, ஃபுல் டேங்க் போட்டுக் கிளம்பினோம். 11 காலன் டேங்க், அதாவது சுமார் 42 லிட்டர். காலனுக்கு 10 மைல்னு வச்சா 110 மைல் போகணும். கேலுமெட் ஊரைத் தாண்டி காட்டுப் பாதையில ஜாலியா போயிட்டு, மத்தியானம் மூணு மணி வாக்குல திரும்பிட்டு இருந்தோம். கேலுமெட்டுக்கு இன்னும் 6 மைல். வண்டி ரெண்டு தடவை இருமிச்சு. நின்னு போச்சு.

மீட்டர்ல 49 மைல். பெட்ரோல் முள் பாதியில. செல்போன்ல ஒரு கோடு கூட இல்ல. மைனஸ் 18 டிகிரி. வார நாள்ங்கறதால பாதையில ஈ காக்கா இல்ல. ஆறு மணிக்குள்ள இருட்டிடும்.

"ஏல, பாதி டேங்க் கெடக்குல்லா? பெறவு ஏன் நின்னுச்சு?"

"எனக்கு எப்படி அண்ணாச்சி தெரியும்? நீங்கதான மெக்கானிக்கல், நான் கெமிக்கல்."

முதல்ல மூடியைத் திறந்தோம். டேங்க்குக்கு காத்து உள்ள வர ஒரு மூச்சுக்குழாய் இருக்கும். அது பனிக்கட்டியில அடைச்சாலோ எங்கயாவது மடங்கினாலோ, பெட்ரோல் குறையக் குறைய உள்ள வெற்றிடம் ஆகி பம்ப்பால இழுக்க முடியாது. அப்படின்னா மூடியைத் திறக்கும்போது 'புஸ்'ஸுன்னு சத்தம் வரும். எங்களுக்கு வரல.

கயிறு இழுத்தா ஸ்டார்ட் ஆச்சு. பத்து செகண்ட். மறுபடி செத்துச்சு. அண்ணாச்சி திரும்பத் திரும்ப இழுத்து ஆக்ஸிலேட்டரை முறுக்கப் பார்த்தார். அது தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது. டூ ஸ்ட்ரோக்ல பெட்ரோல் கம்மியா, காத்து ஜாஸ்தியா போனா சூடேறி பிஸ்டனே ஓட்டையாயிடும்.

அப்பதான் எனக்கு அப்பாவோட பழைய ஸ்கூட்டர் ஞாபகம் வந்துச்சு. பெட்ரோல் தீர்ந்து நின்னா அப்பா வண்டியை ஒரு பக்கமா சாய்ச்சுப் பிடிப்பார். மூலையில கிடக்கிற மிச்சம் ஓடி வரும், வீடு வரைக்கும் வந்துடும். டேங்க்ல பெட்ரோல் இருக்கறது வேற, இன்ஜினுக்குப் போய்ச் சேர்றது வேற!

"அண்ணாச்சி, மட்டம் ஏறினா எடுக்குமோ என்னவோ. கேன்ல இருக்கறத ஊத்திப் பாக்கலாமா?"

"பாதி டேங்க் இருக்கும்போது எதுக்குல ஊத்தணும்? கூறுகெட்டவனே!"

ஆனாலும் ஊத்தினார். ஒரே ஒரு காலன். இழுத்தார். ஸ்டார்ட் ஆச்சு, நிக்கவே இல்ல! ரெண்டு பேரும் பேசாம ஏறி உக்காந்து, மெதுவா ஓட்டி, வெளிச்சம் இருக்கும்போதே கேலுமெட் பெட்ரோல் பங்க்குக்கு வந்து சேர்ந்தோம். அங்க டேங்க் குடிச்சது வெறும் நாலரை காலன்.

அந்த நாலரைதான் விடை. அண்ணாச்சி ரெண்டு வாரமா "மைலேஜ் படுத்துடுச்சுல, 40 மைல் தாண்டினா இழுக்கவே மாட்டேங்குது"ன்னு புலம்பிட்டே இருந்தார். கோட்டுப் பாக்கெட்ல இருந்த பழைய பில்லை எல்லாம் எடுத்துப் பார்த்தா, ஒவ்வொரு தடவையும் நாலு, நாலரை காலன்தான். மைலேஜ் படுத்திருந்தா 40 மைலுக்கு எட்டு, ஒன்பது காலன் குடிச்சிருக்கணுமே? இன்ஜின் ஒழுங்காத்தான் குடிச்சிருக்கு. டேங்க்தான் பாதிக்கு மேல கொடுக்கல.

மறுநாள் கராஜ் கதவைத் திறந்து வச்சு, ஹீட்டரை அணைச்சுட்டு, டேங்க்குக்குள்ள இருக்கற உறிஞ்சு குழாயை வெளிய எடுத்தோம். பழைய முறுக்கு மாதிரி விறைச்சுப் போய், சரியா நடுவுல ஒரு விரிசல். பெட்ரோல் மட்டம் விரிசலுக்கு மேல இருக்கற வரைக்கும் பிரச்சனை இல்ல. கீழ இறங்கினதும் பம்ப் பெட்ரோலை விட்டுட்டு காத்தை உறிஞ்சுது. இந்த மாதிரி வண்டியில பம்ப்புக்கு கரண்ட் கிடையாது, கிராங்க்கேஸ் அழுத்தம் ஏறி இறங்கறத வச்சுத்தான் வேலை செய்யும். காத்து வர வழி இருந்தா அதுக்கு அவ்வளவுதான் தெம்பு.

புதுக் குழாய் சில டாலர்தான். ஆனா ஒண்ணு, சாதாரண பெட்ரோல் குழாயை டேங்க்குக்குள்ள போடக்கூடாது. அது உள்பக்கம் மட்டும்தான் பெட்ரோலைத் தாங்கும். மூழ்கியே கிடக்கறதுக்குன்னு தனியா விக்கறாங்க, அதைக் கேட்டு வாங்கணும்.

சரி, உங்க வண்டியும் இப்படிப் பண்ணினா நான் கத்துக்கிட்ட வரிசை இது:

1. மைலையும் காலனையும் எழுதுங்க. நிறைய காலன் குடிச்சிருந்தா கோளாறு இன்ஜின் பக்கம், இல்ல ஓட்டுற விதத்துல. கம்மியா குடிச்சிட்டு நின்னிருந்தா டேங்க், குழாய், ஃபில்டர், பம்ப் பக்கம்.

2. மூடியைத் திறந்து காது கொடுங்க. 'புஸ்'ஸுன்னா மூச்சுக்குழாய் அடைப்பு.

3. டேங்க் நிறைஞ்சிருக்கும்போது ஓடி, குறைஞ்சா நிக்குதா? உள்குழாயைப் பாருங்க. மேட்டுல ஏறும்போது மட்டும் நிக்குதுன்னா, பெட்ரோல் ஒரு பக்கமா ஒதுங்கி குழாய் வாய் வெளிய தெரியுதுன்னு அர்த்தம்.

4. எவ்வளவு நிரப்பினாலும் திணறுதா? ஃபில்டர் அழுக்கா இருக்கலாம், இல்ல உள்ள தண்ணி உறைஞ்சிருக்கலாம். ஓட்டி முடிச்சதும் டேங்க்கை நிரப்பி வச்சா உள்ள ஈரம் சேர்றது குறையும். பனி உருக்குற மருந்து ஊத்தறதுக்கு முன்னாடி மேனுவலைப் பாருங்க, நிறைய பெட்ரோல்ல ஏற்கனவே 10 சதவீதம் எத்தனால் இருக்கு.

5. நிஜமாவே அதிகமா குடிக்குதா? டிராக் ரொம்ப இறுக்கமா இருக்கா, பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கா, பெல்ட் தேஞ்சிருக்கா பாருங்க. இடுப்பளவு புதுப் பனியில ஓட்டினா எந்த வண்டியும் கன்னாபின்னான்னு குடிக்கும், அது கோளாறு இல்ல.

6. முள்ளை நம்பாதீங்க. உள்ள ஒரு மிதவைதான் இருக்கு, சரிவுல நின்னா பொய் சொல்லும்.

இதுக்கெல்லாம் மேல இங்க பழைய ஆளுங்க சொல்ற கணக்கு: மூணுல ஒரு பங்கு போறதுக்கு, ஒரு பங்கு வர்றதுக்கு, ஒரு பங்கு எதிர்பாராததுக்கு. நாங்க பாதிக்குப் பாதின்னு கணக்குப் போட்டுப் போனவங்க. கேன் மட்டும் இல்லன்னா அன்னைக்கு ராத்திரி என்ன ஆகியிருக்கும்னு இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது. எந்தப் பாதையில போறோம்னு ரூம்மேட்கிட்ட கூடச் சொல்லாம வந்திருந்தோம்.

கியூபெக்ல பனிவண்டி செஞ்ச ஜோசஃப்-அர்மான் பொம்பார்டியேயோட ரெண்டு வயசுப் பையன் 1934 குளிர்காலத்துல செத்துப்போனான். பனியில ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழி இல்ல. அதுக்கப்புறம் அந்த மனுஷன் விடாம உழைச்சு, 1959-ல ஸ்கி-டூவைக் கொண்டுவந்தார். பனியில மாட்டிக்கிட்டவங்களை வெளிய கொண்டுவர்ற வண்டி. நாங்க அதுல ஏறி, யாரும் வந்து சேர முடியாத இடத்துக்கு ஜாலியா போய் நின்னோம்.

அப்பா ஸ்கூட்டர் பெட்டியில ஒரு சின்ன நோட்டு வச்சிருப்பார். ஒவ்வொரு தடவை பெட்ரோல் போடும்போதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர். "என்னப்பா கஞ்சத்தனம்"னு எத்தனை தடவை கிண்டல் பண்ணியிருப்பேன்! போன வாரம் நானே ஒரு நோட்டு வாங்கி அண்ணாச்சி வண்டி ஸீட்டுக்கு அடியில வச்சுட்டேன். முதல் பக்கத்துல அவர் கையெழுத்து: 61 மைல், 6.2 காலன்.

டிஸ்கி: அம்மா இந்தப் பக்கம் வர்றதில்லைங்கற தைரியத்துலதான் எழுதியிருக்கேன். ஊர்ல யாரும் போட்டுக் கொடுத்துடாதீங்க மக்களே :-)