ஒப்படைப்பு யாருடையது?

கன்னியாகுமரி அருகே உள்ள கொட்டாரமானாலும் சென்னையானாலும் ‘ப்ராஜெக்ட்’ என்று பள்ளியில் சொல்லிவிட்டால் முதலில் பரபரப்பாவது வீடுதான். தெர்மாகோல் வாங்கி வர அப்பா, படம் பிரிண்ட் எடுக்க அண்ணன், தலைப்பு எழுத கையெழுத்து அழகான பக்கத்து வீட்டு அக்கா. சார்ட்டின் மூலையில் பெயரும் வகுப்பும் மட்டும் பிள்ளையின் கைவண்ணம். இதற்காகப் பிள்ளையைக் கண்டிப்பது சுலபம். ஆனால் தமிழ்நாட்டில் 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது, நூற்றில் 40 மதிப்பெண் வளரறி மதிப்பீட்டுக்குப் போனது. அதில் பாதி செயல்பாடுகளுக்கு. மனப்பாடத்தைக் குறைக்க வந்த நல்ல ஏற்பாடுதான். அந்தச் செயல்பாடு ஆசிரியரின் கண் முன்னால் நடக்காமல் வீட்டுக்குப் போகும்போதுதான் கோளாறு. வீட்டில் நடப்பதற்கு மதிப்பெண் போட்டால், அது வீட்டாருக்குப் போடும் மதிப்பெண்.

அதற்காக வெளியுதவியே கூடாது என்பது வறட்டு வாதம். படித்த பெற்றோர் உள்ள வீட்டில் அந்தத் தடை செல்லாது. முதல் தலைமுறையாகப் படிக்கும் பிள்ளைக்கு மட்டுமே அது தடையாக நிற்கும். 2021இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று அரசே தன்னார்வலர்களைத் தெருத்தெருவாக அனுப்பியது. கோனார் உரை என்ற துணைநூல் இல்லாமல் தமிழ்ப் பரீட்சை எழுதியவர்களை எண்ணிவிடலாம். அந்த உரைக்குக் கோனார் பெயர் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். கொட்டாரத்துக்கு அருகிலுள்ள தேரூர்க்காரர் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, எட்வின் அர்னால்டின் ஆங்கிலக் காவியத்தைத் தழுவித்தான் ‘ஆசிய ஜோதி’யைப் பாடினார், மூலம் யாருடையது என்பது தமிழ் வாசகருக்குத் தெரியும், அதனால் கவிமணியின் பெருமை இம்மியும் குறையவில்லை. உதவி பெற்றது குற்றமில்லை, மறைத்தால்தான் குற்றம். இதைப் பள்ளியில் யாரும் சொல்லித் தருவதில்லை. கருத்துத் திருட்டுக்கு எதிராகப் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த விதிகள், ஆய்வேட்டில் 60 சதவீதத்துக்கு மேல் பிறர் எழுத்தோடு ஒத்துப்போனால் பதிவையே ரத்து செய்யச் சொல்கின்றன. அதே விதிகள் ஒப்படைப்புகளையும் செயல்திட்ட அறிக்கைகளையும் வெளிப்படையாக விலக்கி வைத்திருக்கின்றன! பழக்கம் உருவாகும் இடத்தை விட்டுவிட்டு, முற்றிய இடத்தில் தண்டிக்கிறோம்.

‘உதவியவர்’ என்று நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி இருக்கட்டும். டியூஷன் அக்கா, யூடியூப், சாட்ஜிபிடி, யாராக இருந்தாலும் எழுதட்டும். எழுதினால் மதிப்பெண் குறையுமே, யார் உண்மையை எழுதுவார்கள் என்பார்கள். குறைக்காமல் இருந்தால் எழுதுவார்கள். மதிப்பெண்ணை நோட்டுக்குப் போடாமல், நோட்டில் உள்ளதைப் பற்றிக் கேட்கும் கேள்விக்குப் போட வேண்டும். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் வாய்மொழிக் கேள்வி நெடுங்காலமாக இருப்பதுதானே. நாற்பது பிள்ளைகளிடம் கேட்க எங்கே நேரம் என்று ஆசிரியர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. எமிஸ் எனும் கல்வித் துறை இணையதளப் பதிவுக்கே பொழுது போய்விடுகிறது. நாற்பது பேரையும் கேட்க வேண்டாம். ஒவ்வொரு முறையும் சீட்டுக் குலுக்கி ஐந்து பேரை எழுப்பி, “இந்த எரிமலைக்குள் என்ன ஊற்றினாய், ஏன் பொங்கியது?” என்று கேட்டால் போதும். அடுத்த சீட்டு யாருக்கு விழும் என்று தெரியாததால், கடையில் வாங்கிய எரிமலையானாலும் பஸ்ஸில் வரும்போதாவது அதைப் பற்றிப் படித்துக்கொண்டுதான் வருவார்கள்.